விற்கச் சொன்ன குரல்

பாலையூற்றில் பிரகலாதனின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அழுத கண்ணோடு வருவார்கள். அந்த வீட்டுப் படலையை யாராவது அவசரமாகத் தட்டினால் எங்கோ ஒரு சாவு விழுந்துவிட்டது என்று அயலுக்கே தெரியும். ஐம்பத்திரண்டு வயதுப் பிரகலாதன் சாப்பாட்டில் இருந்தாலும் கையைக் கழுவிவிட்டு எழும்பிவிடுவார். ஓட்டோவின் கூரையில் இரண்டு ஹோர்ன் ஸ்பீக்கர்கள் எந்நேரமும் பூட்டியபடி இருக்கும். திருகோணமலை நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும், அந்தப் பக்கம் தம்பலகாமம் வரைக்கும், மரண அறிவித்தல் என்றால் அவர்தான். திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் கடைத் திறப்புவிழாவுக்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். சாவுக்கு மட்டும் அவரைத்தான் கேட்டு வருவார்கள்.

அவருடைய குரல் நல்ல குரல்தான். அழமாட்டார், அவசரப்படமாட்டார், ஒரு பெயரையும் விழுங்கமாட்டார். ‘பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட’ என்று ஒழுங்கை முகப்பில் தொடங்கினாரென்றால் குசினியில் நிற்கிற பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுப்பார்கள். ஆனால் சனம் அவரை மதித்தது குரலுக்காக மட்டுமில்லை. யார் வந்து சொன்னாலும் உடனே மைக்கைத் தூக்குகிற பழக்கம் அவரிடம் இல்லை. செத்த வீட்டுக்குப் போய், கிடத்தியிருக்கிற உடலைக் கண்ணால் பார்த்து, பெயரையும் வயதையும் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்து, மருமக்கள் பெயர் ஒன்றும் விடுபடாமல் எழுதி எடுத்த பிறகுதான் ஓட்டோவைக் கிளப்புவார். ஒருமுறை உப்புவெளியில் ஒருவருடைய வயதை இரண்டு கூட்டிச் சொல்லிவிட்டார் என்று தெரியவந்தது. தன் சொந்தப் பெற்றோலில் அத்தனை ஒழுங்கைகளையும் மறுபடி சுற்றித் திருத்திச் சொன்னார். செத்தவருக்கு எழுபத்தெட்டென்றால் என்ன, எண்பதென்றால் என்ன என்று கேட்டவர்களோடு பெரிய வாய்த்தர்க்கம் வேறு. அப்படியொரு பிடிவாதக்காரர்.

இப்படிப்பட்ட மனுஷனைத்தான் அமெரிக்காக் கார் ஒன்று பிடித்து ஆட்டியது. அந்தக் காரை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

லிங்கநகர்ப் பையன் கிருஷாந்த் கனடாவில் இருக்கிறான். பையன் என்றாலும் முப்பத்தைந்து வயது. தகப்பன் இறந்தபோது அவனுக்கு வரக் கிடைக்கவில்லை. யாரோ போனில் பிடித்து அனுப்பிய வீடியோவில், பிரகலாதன் தன் தகப்பனுடைய அறிவித்தலைச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்ட பிறகுதான் தனக்கு அழுகையே வந்தது என்று அவன் பிறகு சொன்னான். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு பிரகலாதனுக்குப் போனில் ஒரு கோல் எடுத்தான். யூடியூப்பில் தமிழில் பங்குச்சந்தை பற்றி ஒரு சனல் நடத்துகிறானாம். பங்குச்சந்தை என்று பெயர்தானே தவிர, அதில் அவன் பேசுவதெல்லாம் ஒரே ஒரு கம்பனியைப் பற்றி. மின்சாரத்தில் ஓடும் கார் செய்கிற ஒரு அமெரிக்கக் கம்பனி.

“அண்ணை, என்ர குரல் நுளம்பு கத்துற மாதிரி. ஆரும் அஞ்சு நிமிசம் இருந்து கேக்கிறாங்கள் இல்லை. நான் எழுதி அனுப்பிறன், நீங்கள் வாசிச்சுத் தாங்கோ. உங்கட குரலில சொன்னாக் கல்லும் நம்பும்.”

முப்பது வருஷமாகச் செத்தவர்களைப் பற்றியே பேசிவந்த வாய் அது. உயிரோடிருக்கிற, ஓடித்திரிகிற, நாளைக்கு இன்னும் வளரப்போகிற ஒன்றைப் பற்றிச் சொல்லச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லை. அந்த ஆசையில்தான் ஒப்புக்கொண்டார். மனைவி ஜெயரூபியிடம் மட்டும் காசுக்காக என்று சொல்லிவைத்தார்.

கிழமைக்கு ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனுக்கு முன்னால் வாசிப்பார். காற்றாடியை நிற்பாட்டவேண்டும், ஜெயரூபி மிக்ஸி போடக்கூடாது, பக்கத்து வளவு நாய் குரைத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். வியர்வை வழிய வழிய, கம்பனி இந்த மாதம் காரின் விலையைக் குறைத்திருக்கிறது என்று வாசித்தார். விலை குறைந்தால் லாபம் சுருங்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள், ஆனால் சந்தை கைக்குள் வரும் என்று வாசித்தார். அடுத்த கிழமை, சாரதியே இல்லாத டாக்சி. அது மட்டும் ஓடத்தொடங்கினால் இது கார் விற்கிற கம்பனியாக இருக்காது, சவாரி விற்கிற கம்பனியாகிவிடும், அப்போது பங்கின் விலை எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப்பாருங்கள் நேயர்களே. எல்லாவற்றையும் அவர் மரண அறிவித்தல் சொல்கிற அதே நிதானத்தோடு, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, கடைசிச் சொல்லைப் பதித்து வாசித்தார். வேறு மாதிரி வாசிக்க அவருக்குத் தெரியாது.

“ஆள் இல்லாம ஓடுற காரோ?” என்று ஜெயரூபி ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். “கோட்டையடியில மான் குறுக்க பாஞ்சா ஆர் பிறேக் அடிக்கிறது?”

“அதுக்குக் கமரா இருக்காம்.”

“மானுக்கு அது தெரியுமோ?”

கிருஷாந்த் எழுதியனுப்பிய தாளில் அதற்குப் பதில் இருக்கவில்லை.

ஜெயரூபியின் தமையன் சோமசேகரம் தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர். அறுபது வயது. பிரகலாதனுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அதனால் மச்சான் முறை என்பது பேச்சுக்குத்தான், உள்ளுக்குள் அவர்தான் அண்ணன். வெள்ளிக்கிழமை தோறும் சோமசேகரம் ஒரு முட்டி எருமைத் தயிரோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். இரண்டு பேரும் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, யானை வந்த கதை, குளத்துத் தண்ணீர் திறந்த கதை என்று பின்னேரம் வரைக்கும் கதைப்பார்கள். வேறு யாரோடும் வராத சிரிப்பு அந்த மனுஷனோடு இருக்கும்போது பிரகலாதனுக்கு வரும்.

மனைவியை இழந்த சோமசேகரத்துக்கு ஒரே மகள், லக்சனா. அந்தப் பக்கங்களில் பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்டவேண்டும். வீடு எழும்பாமல் மாப்பிள்ளைப் பேச்சு எழும்பாது. சோமசேகரம் தன் வீட்டுக்குப் பக்கத்து வளவில் அத்திவாரம் போட்டு, ஒவ்வொரு போகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லடுக்கி, சுவரை யன்னலுக்கு மேல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். கூரைக்கும் கதவு யன்னலுக்கும் வைத்திருந்த காசு வங்கியில் கிடந்தது.

இரண்டாயிரத்து இருபத்துநான்காம் வருஷத்து மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை, தயிர்முட்டியை ஜெயரூபியிடம் கொடுத்துவிட்டு வந்து இருந்தவர் மெல்லச் சொன்னார்.

“மச்சான், நானும் அந்தக் கார்க் கம்பனியில பங்கு எடுத்துப்போட்டன்.”

பிரகலாதனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. “என்ன காசில?”

“லக்சனாவின்ர வீட்டுக் காசுதான். லிங்கநகரில கிருஷாந்தின்ர தாய்ட்டக் குடுத்தனான். பெடியன் அங்க தன்ர பேரில வாங்கி வச்சிருக்கிறான். ஏறிக்கொண்டு போகுதாம். ஒரு வருசம் பொறுத்தா மேல்மாடியும் வச்சுக் கட்டலாம்.”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

“என்னத்தக் கேக்கிறது? நீங்கள்தானே கிழமைக்குக் கிழமை சொல்லுறீங்கள். பேப்பரில வந்திருந்தா நான் நம்பியிருக்கமாட்டன். உங்கட வாயால வந்தது ஒருநாளும் பிழைச்சதில்லையே, மச்சான்.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கவேண்டும். நான் வெறுமனே வாசிக்கிறவன், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, காசைத் திருப்பி எடுங்கோ என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால், சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, அவருக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. தம்பலகாமத்தில் வயல் செய்கிற மனுஷன் தன் குரலை நம்பி அமெரிக்காவில் முதல் போட்டிருக்கிறார். பிரகலாதன் தலையை ஆட்டினார், ஜெயரூபி தயிருக்குச் சீனி போட்டுக் கொண்டுவந்தாள், இருவரும் சாப்பிட்டார்கள்.

தை பிறந்ததிலிருந்து பங்கு இறங்கத் தொடங்கியது. கார் விற்பனை குறைந்திருக்கிறது, சீனாக்காரன் பாதி விலைக்குச் செய்து விற்கிறான், ஐரோப்பாவில் சனம் வாங்குவதை நிற்பாட்டிவிட்டது என்று செய்தி வந்தது. கிருஷாந்தின் தாள்களிலும் தொனி மாறியது. இது தற்காலிகம் நேயர்களே, பயந்தவர்கள் விற்பார்கள், பொறுத்தவர்கள் வெல்வார்கள். பிரகலாதன் அதையும் அதே குரலில் வாசித்தார். வாசிக்கும்போது, தம்பலகாமத்தில் ஒரு மனுஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டுவது கண்ணுக்குள் வந்து நின்றது. மாசியில் ஒருநாள் பொறுக்கமுடியாமல் கிருஷாந்திடம் கேட்டார்.

“தம்பி, நீர் அந்தக் கார்தானே வச்சிருக்கிறீர்?”

“இல்லை அண்ணை. நான் ஓடுறது ஜப்பான் கார். அது பழசு, ஆனாப் பிரச்சினை இல்லை.”

செத்த வீட்டுக்குப் போகாமலே அறிவித்தல் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று பிரகலாதனுக்கு முதல்முதலாகப் பட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஒருநாளும் நிம்மதி இல்லை. சோமசேகரம் வெள்ளிக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தார். காசைப் பற்றி அவர் கேட்கவில்லை. “பொறுக்கச் சொல்லித்தானே சொல்லுறீங்கள், பொறுப்பம்” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். பங்குனி பிறந்தபோது போட்டதில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

அந்தப் பங்குனியில்தான், வெளிநாட்டு வாகனங்களைத் திரும்பவும் இறக்கலாம் என்று அரசாங்கம் விட்டபிறகு, நகரத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற பஹ்மி புத்தம்புது மின்சாரக் காரொன்றைக் கொண்டுவந்து இறக்கினார். சீனாவில் செய்தது. பிரகலாதன் கடைக்கு ஸ்பீக்கர் வயர் வாங்கப் போயிருந்தார். பஹ்மி அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முன் சீற்றில் இருத்தினார். கார் உள்துறைமுக வீதியால் போனது. கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று வெளியே பார்த்தால்தான் தெரியும். கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

“எப்பிடி, அண்ணன்?” என்று பஹ்மி கேட்டார். “அமெரிக்காக் காரெல்லாம் இதுக்கிட்ட நிக்க ஏலாது. விலையும் அவங்கட விலையில பாதிதான். இனி ஆரு அத வாங்கப்போறாங்க?”

பிரகலாதன் சீற்றைத் தடவிப் பார்த்தார். கதவைத் திறந்து, சாத்தி, மறுபடி திறந்து பார்த்தார். இறங்கி ஒருதரம் சுற்றிவந்து நாலு சில்லுகளையும் பார்த்தார். இவ்வளவு காலமும் காகிதத்தில் இருந்த சங்கதி இப்போது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. உடலைக் கண்டுவிட்டார். இனிமேல் சந்தேகம் என்ன? அந்த அமெரிக்கக் கம்பனி முடிந்துபோனது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றவேண்டியது தன் கடமை என்று அவர் மனது தீர்மானித்துவிட்டது. வாங்கவந்த வயரையும் மறந்து, நல்ல வெயிலில், ஓட்டோவைத் தம்பலகாமத்துக்கு விட்டார்.

சோமசேகரம் வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். ஸ்பீக்கர் பூட்டிய ஓட்டோ வயல்வழியே வருவதைக் கண்டு வேலையை நிற்பாட்டினார். யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தார்.

“ஆர் மச்சான்?”

“ஒருத்தரும் இல்லை. அந்தக் கம்பனி முடிஞ்சுது, மச்சான். மிஞ்சினதையாவது எடுங்கோ. இண்டைக்கே வித்துப்போடுங்கோ.”

சோமசேகரம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்தார். “வடிவாத் தெரியுமோ?”

“ஓம். என்ர கண்ணால பாத்திட்டுத்தான் வாறன்.”

கண்ணால் பார்த்தது வேறு கம்பனியின் கார். அதை ஒருவர் கேட்கவில்லை, மற்றவர் சொல்லவில்லை. வரம்பில் நின்றபடியே சோமசேகரம் கிருஷாந்துக்கு எடுத்தார். கொஞ்சம் பொறுங்கோ ஐயா, இப்ப விக்கிற நேரம் இல்லை என்று அவன் அந்தப் பக்கத்தில் மன்றாடியது பிரகலாதனுக்கும் கேட்டது. “மச்சான் சொல்லிப்போட்டார் தம்பி” என்று சோமசேகரம் சொன்னார். அன்றைக்கே விற்றாயிற்று.

பிரகலாதன் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். இனி வாசிக்கமாட்டேன் என்று கிருஷாந்துக்குச் சொல்லியாயிற்று. பிழையான வயதைத் திருத்திச் சொல்ல உப்புவெளி ஒழுங்கைகளைச் சுற்றிவந்த நாளில் இருந்த அதே நிம்மதி. திரும்பி வந்த காசில் கூரை போட முடியாது என்பது கவலைதான். ஆனாலும் முழுவதும் போகவிடாமல் தடுத்தாரே. ஜெயரூபி அதைத்தான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். “இவர் ஓடிப்போய்ச் சொல்லியிருக்காட்டி அண்ணாவுக்கு மிச்சமும் போயிருக்கும். நாசமாப் போன கம்பனி, அது கப்பல் தாழுற மாதிரி அப்பிடியே தாண்டுபோச்சு.”

கம்பனி தாழவில்லை. ஆனி மாதத்தில், அமெரிக்காவில் ஒரு நகரத்தில், சாரதி இருக்கையில் ஆளில்லாத டாக்சிகளை அது ஓடவிட்டது. கொஞ்சம்தான், அதுவும் ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள். ஆனால் பங்குச்சந்தைக்கு அவ்வளவு போதும். இறங்கிய விலை ஏறத்தொடங்கியது. ஆடியில் ஏறியது, ஆவணியில் ஏறியது, புரட்டாதியில் சோமசேகரம் வாங்கிய விலையை எட்டிப்பிடித்தது, மார்கழியில் அதையும் தாண்டியது. விலை தாண்டிய அன்று கிருஷாந்திடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. உள்துறைமுக வீதியோரம் ஓட்டோவை நிற்பாட்டிவிட்டுப் பிரகலாதன் அதைக் கேட்டார்.

“அண்ணை, நான் உங்களைக் குறை சொல்லேல்ல. ஆனா அண்டைக்குப் பொறுத்திருந்தா அந்த வீட்டுக்கு மேல்மாடியும் வந்திருக்கும்.”

மூன்று தரம் போட்டுக் கேட்டார். மூன்றாவது தரம் கேட்டபோதுதான் முழுவதும் விளங்கியது. தெரியாத ஒன்றைப் பற்றிக் கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவரால் யாருக்கும் தீராத கேடு வரவில்லை. மனசாட்சிக்குப் பயந்து, வெயிலில் ஓடிப்போய், இரக்கப்பட்டுச் சொன்ன ஒரேயொரு சொல்தான் லக்சனாவின் கூரையைக் கொண்டுபோயிருக்கிறது. உயிரோடு கிடந்த ஒன்றுக்கு மரண அறிவித்தல் சொல்லியிருக்கிறார். ஓட்டோவின் முன்கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அவர் அழுதார். கடலைப் பார்க்க வந்திருந்த யாரோ இரண்டு பேர், ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு, அவர் வீட்டில்தான் இழவு என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

“தம்பி, மச்சானுக்குச் சொல்லிப்போடாதையும்” என்று கிருஷாந்துக்குப் பதில் அனுப்பினார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பிரகலாதன் படலையில் ஒரு காதை வைத்துக்கொண்டே இருப்பார். சோமசேகரம் படலையைத் திறக்கும்போதே தொலைக்காட்சியை நிற்பாட்டுவார். கார் என்ற சொல் வந்தால் மழைக்குக் கதையைத் திருப்புவார். கார்த்திகை வெள்ளத்தில் வயல் முழுக்க அழிந்ததைப் பற்றி வேண்டிய அளவு கதைக்க இருந்தது, அதுவும் ஒரு வகையில் உதவியாகத்தான் இருந்தது என்று நினைத்துத் தன்னையே நொந்துகொண்டார். சோமசேகரம் எப்போதும்போலத் தயிர் கொண்டுவந்தார், எப்போதும்போல மூன்று மணிக்குத் தேத்தண்ணி குடித்தார். அவருக்குத் தெரியாது என்ற ஒரு நினைப்பில்தான் பிரகலாதனின் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மனுஷனும் போய்விட்டால் தனக்கென்று வேறு யார்?

தை மாதக் கடைசியில் ஜெயரூபியின் தாய் நல்லம்மா படுக்கையில் விழுந்தாள். மகனோடு தம்பலகாமத்தில் இருந்தவள். ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கோ என்று விட்டுவிட்டார்கள். ஜெயரூபி அங்கேயே போய்த் தங்கிவிட்டாள். பிரகலாதன் இரண்டாம் நாள் போனார். கிழவி கண் திறக்கவில்லை. லக்சனா கட்டி முடியாத சுவர்களுக்கு நடுவே கயிறு கட்டிப் படுக்கைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மழை குடித்துப் பாசி பிடித்திருந்தது சுவர்.

“மாமா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றாள் அந்தப் பிள்ளை. அவருக்கு அவளை நிமிர்ந்து பார்க்க ஏலாமல் இருந்தது.

சோமசேகரம் வந்து அவரைக் கையில் பிடித்துக் கூரையில்லாத அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே சீமெந்துப் பையொன்று கல்லாகிக் கிடந்தது. அதன்மேல் இருவரும் இருந்தார்கள்.

“மச்சான், ஒரு கதை கதைக்கவேணும். கோவிக்கக்கூடாது.”

“சொல்லுங்கோ.”

“அம்மாவுக்கு இனி நாள் இல்லை. அறிவித்தலுக்குக் கந்தளாய்ப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறான். அவனை வச்சுச் செய்விப்பம் எண்டு பாக்கிறன்.”

பிரகலாதன் இருந்த இடத்திலிருந்து பாதி எழும்பிவிட்டார். “ஏன் மச்சான்?”

சோமசேகரம் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தார். “அந்தப் பங்கு ஏறினது எனக்குத் தெரியும். ஆவணியிலயே லக்சனா போனில பாத்துச் சொன்னவள். நீங்கள் ரீவியை நிப்பாட்டுறதும் கதையை மாத்துறதும் எல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் எண்டு சொன்னா உங்களால தாங்கேலாது எண்டுதான் நான் வாய் திறக்கேல்ல.”

“மச்சான்…”

“பொறுங்கோ. எனக்கு உங்களில ஒரு கோவமும் இல்லை. சத்தியமா இல்லை. வாங்கினது நானாத்தான் வாங்கினனான். விக்கச் சொன்னதும் என்ர நன்மைக்குத்தான் சொன்னீங்கள். ஆனா அண்டைக்கு இந்த வயலில நிண்டு சொன்னீங்கள் பாருங்கோ, முடிஞ்சுது எண்டு, அந்தக் குரல் என்ர காதுக்குள்ள நிக்குது. அது முடியேல்ல மச்சான். எழும்பி ஓடிச்சுது.” அவர் தாய் படுத்திருந்த வீட்டுப் பக்கம் திரும்பினார். “நாளைக்கு அம்மா போயிட்டா எண்டு நீங்கள் ஸ்பீக்கரில சொன்னா, ஐயோ இன்னும் உயிர் கிடக்கோ, அவசரப்பட்டுக் கொண்டுபோய் எரிக்கிறமோ எண்டு எனக்கு ஒரு ஐமிச்சம் வந்திடும். பெத்த தாய்க்குக் கொள்ளி வைக்கேக்க எனக்கு அந்த நினைப்பு வரக்கூடாது.”

திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூடப் பிரகலாதன் வாங்கியிருப்பார். இது அப்படியில்லை. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

“தங்கச்சிக்கு இதொண்டும் தெரியவேண்டாம்” என்றார் சோமசேகரம். “நீங்கள் என்னைக் காப்பாத்தினீங்கள் எண்டு அவள் நினைச்சுக்கொண்டிருக்கிறாள். அது அப்பிடியே இருக்கட்டும்.”

மூன்றாம் நாள் காலையில் நல்லம்மா போய்விட்டாள். செய்தி கேட்டுப் பிரகலாதன் பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஓட்டோவைக் கொண்டுவரவில்லை. பந்தல் போடுகிறவர்கள் கம்பு நட்டுக்கொண்டு நின்றார்கள். உள்ளே பெண்களுக்கு நடுவே ஜெயரூபி தாயின் கால்மாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் முற்றத்தில் ஆண்களோடு போய் நின்றார். அறிவித்தல் விவரம் எழுதுவதற்குக் கந்தளாயிலிருந்து வந்த ஆளிடம் சோமசேகரம் பெயர்களைச் சொல்வது கேட்டது. அந்த ஆள் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, வயதையும் ஒத்துப் பார்க்கவில்லை. பிரகலாதனின் வாய் இரண்டு தரம் திறந்து மூடியது.

பத்து மணியளவில் வீதியில் ஸ்பீக்கர் கேட்டது. இளம் குரல், அவசரக் குரல். தம்பலகாமத்தைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட நல்லம்மா அவர்கள் இன்று காலமானார். அன்னார் சோமசேகரம், ஜெயரூபி ஆகியோரின் அன்புத் தாயாரும், பிரகலாதனின் பாசமிகு மாமியாரும், லக்சனாவின் அன்பு அப்பம்மாவும் ஆவார். ஊரெல்லாம் தன் பெயர் போவதைப் பிரகலாதன் கேட்டுக்கொண்டு நின்றார். முற்றத்தில் நின்ற ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

ஜெயரூபி தலையை நிமிர்த்தினாள். எழும்பி, தலைமயிர் குலைந்தபடி, வாசலுக்கு வந்தாள்.

“என்ர அம்மாவுக்கு ஏன் நீங்கள் சொல்லேல்ல?”

சோமசேகரம் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

“தொண்டை கட்டிப்போச்சு” என்றார் பிரகலாதன். “நேத்தில இருந்து சத்தம் வருகுதில்லை.”

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அந்த அழுகைக்குள்ளும் அவளுக்கு மனம் இளகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, “அக்கா, உங்கட வீட்டில கொஞ்சம் கொத்தமல்லி அவிச்சு இவருக்குக் குடுங்கோ, பாவம், தொண்டை ஏலாம நிக்கிறார்” என்றாள். அந்தப் பெண் போய் ஒரு கோப்பையில் ஆவி பறக்கக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெயரூபி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தொண்டையில் ஒரு குறையுமில்லாத மனுஷன், அவள் பார்த்துக்கொண்டு நிற்க, அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.